அலையும் அச்சமும்

நெய்தல் நிலத்தைப் பற்றி யான் முதலாண்டுத் தேர்வில் எழுதிய விடைக்கு வகுப்பிலே மிகுந்த மதிப்பெண் கிடைத்தது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் மூன்றனையும் முறை பிறழாது வகுத்தேன். எற்பாடு என்னும் சிறுபொழுது காலையோ மாலையோ என்று அறிஞர் வழக்கிடுவதையும் மறவாது குறித்தேன். ஆசிரியர் அவ்விடையை வகுப்பில் வாசிக்கச் செய்தார். யானும் பெருமையோடு வாசித்தேன். ஆனால், அன்பர்காள், அவ்விடையை எழுதிய நாள்வரை யான் கடல்நீரிற் கணுக்கால் நனைத்தவனல்லேன் என்பதை ஆசிரியரும் அறியார், உடன் பயில்வோரும் அறியார். மெரீனாவில் ஒருமுறை அலை அண்டாத மணல்மேட்டில் அமர்ந்து, கடலைத் தொலைவில் நோக்கி மீண்டதே எனது நெய்தல் அனுபவம்.

இவ்வாண்டு மலருக்கு ஏதேனும் எழுதுக என்று பத்திராதிபர் பணித்தபோது, இலக்கியப் பொருளொன்றைத் தேர்ந்து எழுதுதலே தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்குத் தகும் என எண்ணினேன். எனினும், சென்ற ஓராண்டில் உண்மையாகக் கற்றது யாது என்று நெஞ்சை வினவியபோது, கோவளத்துக் கடலிலே ஒரு பலகையின்மேற் கற்றதே என்று விடை வந்தது. ஆதலின் அதனையே எழுதத் துணிந்தேன். அதனை எழுதுங்கால் எனது பிழையொன்றையும் உடன் எழுத வேண்டியதாயிற்று. பொறுத்தருள்க.

எனது ஊர் தருமபுரி மாவட்டத்து அரூர். சித்தேரி மலையும் தீர்த்தமலையும் அண்டையில் நிற்க, புளியும் மரவள்ளியும் கரும்பும் விளையும் நாடு அது. கிழக்குக் கடற்கரை எங்களுக்கு நேர்க்கோட்டிலேயே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. வாணியாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். தென்பெண்ணையோ கர்நாடகத்து நந்திமலைப் பக்கம் தோன்றி, எங்கள் வட்டத்தைத் தொட்டுச் சென்று, சாத்தனூர் அணையைக் கடந்து, கடலூருக்கு அருகே கடலிற் கலக்கும். எங்கள் ஆறு கடலைக் கண்டது, நாங்கள் கண்டிலேம்.

எங்கள் இல்லத்தில் எழுதாச் சட்டம் ஒன்றுண்டு. பிள்ளைகள் நீர்நிலையருகே செல்லலாகாது என்பதே அது. கிணறு, ஏரி, ஆறு அனைத்தும் விலக்கு. காரணத்தை எவரும் வெளிப்படக் கூறுவதில்லை. ஆயினும் முன்னறைச் சுவரில் மாட்டியுள்ள சிறு படத்தை நோக்கினால் விளங்கும். அது என் சிற்றப்பாவின் படம். யான் பிறப்பதற்குப் பல்லாண்டுகட்கு முன்னரே, தமது பதினேழாம் வயதில், கோடைக்காலத்து நண்பகலில், அண்டை நிலத்துப் பாசனக் கிணற்றில் அவர் மூழ்கி இறந்தார். அன்றுமுதல் எந்தை, பள்ளி ஆசிரியராயிருந்தும், எவ்வாற்றானும் பிள்ளைகளைக் கண்டித்தறியாதவராயிருந்தும், நீரைக் குறித்த மட்டில் கண்டிப்பே உருவானவர். என்னோடு பயின்றோர் கோடை விடுமுறையிற் கிணற்றுக் கட்டையிலிருந்து குதித்து நீந்தும்போது, யான் சாலையில் நின்று அவர்தம் ஆடைகளைக் காவல் காப்பேன். இவ்வாறே பத்தொன்பதாண்டு கழிந்தது.

நிற்க. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் தெருவிலிருந்து சென்று, வேல்ஸ் நாட்டிலே அபரிஸ்ட்வித் என்னும் கடற்கரை நகரில் மேற்கல்வி பயிலும் அண்ணன் ஒருவர் எழுதியது அது. அவரும் என்னைப்போன்றே கடல் அறியாதவர். அவர் அங்கே அலைச்சறுக்கு கற்கத் தொடங்கிய செய்தியை விரிவாக எழுதியிருந்தார். அந்நகரின் கரையிற் பெரும்பகுதி நம் கரைபோல் மணலன்று, கூழாங்கல். அலை மீளும்போது கல்லோடு கல் உரசி எழும் ஓசை அறைக்குள்ளும் கேட்குமாம். குளிர்காலத்தில் கடல்நீரின் வெப்பம் 10 பாகைக்கும் கீழ் இறங்குமாம். அந்நீரில் வெற்றுடம்போடு இறங்கினால் முதலில் மூச்சுத் திணறும். பின்னர் விரல்கள் ஏவல் கேளா. ஆதலின் உடலை ஒட்டிய கனத்த ரப்பர் உடையொன்றை அணிகின்றனர். உடைக்கும் உடலுக்குமிடையே நீர் புகினும், அது உடற்சூட்டால் வெதுவெதுப்பாகி அங்கேயே தங்கும். ஹியூ பிராட்னர் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர் 1950களின் தொடக்கத்தில் முக்குளிப்போர் பொருட்டுக் கண்ட உடையின் வழிவந்தது அது.

கூழாங்கற் கரையின் இயல்பையும் அவர் விளக்கியிருந்தார். கற்கரை செங்குத்தாய்ச் சரிந்திருத்தலின், அலை தொலைவில் மெல்ல உடையாமல், கரையின் காலடியிலேயே திடுமென எழுந்து கவிழும். தொடக்கக்காரன் அதன்கீழ் அகப்படின் கல்லின்மேல் எறியப்படுவான். ஆதலின் அவர் கடல் வற்றும் வேளையை நோக்கிக் காத்திருப்பாராம். அங்கே ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே பெருநாட்களில் நீர்மட்டம் ஏறக்குறைய நான்கு மீட்டர் வேறுபடும். நீர் வற்றிச் சரிவு குறைந்த பகுதி கடலடியில் அமையும்போது அலை சற்றே சாதுவாகும். "காலை வேளையில் இக்கரையில் என்னையன்றி ஒருவரும் இல்லை. குளிரும் கல்லுமே எனக்கு ஆசிரியர். உனக்கோ வெந்நீர் போன்ற கடல், பஞ்சு போன்ற மணல், பேருந்துத் தொலைவு. இறங்கினாயா?" என்று அவர் கடிதத்தை முடித்திருந்தார்.

அவ்வினா என்னைத் தைத்தது. அதே திங்களில் மாமல்லபுரத்திலே ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடைபெற்றது. அதில் ஆடவர் பிரிவில் ரமேஷ் புதிஹாள் என்னும் இந்திய வீரர் மூன்றாமிடம் பெற்ற செய்தி நாளிதழ்களில் வந்தது. அதன்பின் நூல்நிலையத்திற் புகுந்து இக்கலையின் வரலாற்றைத் தேடலானேன். செய்யத் துணியாததைப் பற்றிப் படித்தல் மாணவர்க்கு இயல்பன்றோ!

பலகையின்மேல் நின்று அலையைச் செலுத்தும் கலைக்குப் பசிபிக்குத் தீவுகளே தாயகம். ஹவாய்த் தீவினர் அங்ஙனம் செய்வதைக் கேப்டன் குக்கின் மூன்றாம் கடற்பயணத்திற் சென்ற அதிகாரி ஜேம்ஸ் கிங் 1779ஆம் ஆண்டில் வியந்தெழுதினார். 1820இல் அமெரிக்க மிஷனரிமார் ஆங்கு வந்திறங்கினர். அந்நூற்றாண்டில் இவ்விளையாட்டு மிகவும் குன்றிற்று. அவருட் சிலர் இதனை வீண்பொழுது என்று கருதியது உண்மை. ஆயினும், அயலார் கொணர்ந்த நோய்களால் தீவினர் தொகை பெரிதும் அழிந்ததும், வாழ்க்கைமுறை மாறியதும் பெருங்காரணங்கள் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். மிஷன் கலாசாலை மாணவனாகிய யான் இவ்விரண்டனையும் மறைத்தல் முறையன்று. பின்னர் 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலிற் பொற்பதக்கம் வென்ற ஹவாய் வீரர் டியூக் கஹனமோக்கு இக்கலையை அமெரிக்கக் கரைகளிலும் ஆஸ்திரேலியாவிலும் பரப்பினார். 2021இல் நிகழ்ந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றது.

இவ்வரலாற்றைப் படித்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. அலையோடு பழகுதல் தமிழர்க்குப் புதிதன்று. இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றாற் பிணித்து, அலையைக் கடந்து சென்று, மீளும்போது கடைசி அலையின் முதுகிலேறிக் கரைசேரும் கட்டுமரம் நம்முடையது. அதன் பெயரே ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆயிற்று. வில்லியம் டாம்பியர் என்னும் மாலுமி 1697ஆம் ஆண்டு நூலிலேயே அதனைக் குறித்துள்ளார். சென்னைக்குத் துறைமுகம் அமையுமுன் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். வந்தோரையும் சரக்கையும் அலை கடத்திக் கரைசேர்த்தவை கட்டுமரங்களும், ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளுமே. ஆணி அறைந்த படகு அவ்வலையிற் பிளக்கும். தைத்த படகோ வளைந்து கொடுத்துப் பிழைக்கும். 1875இல் அடிக்கல் நாட்டிக் கட்டத் தொடங்கிய துறைமுகத்தை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது என்பதிலிருந்தே அவ்வலையின் வலிமை விளங்கும். அவ்வலையை வென்றோர் வழியினர் பேருந்துத் தொலைவில் வாழ, யான் அவர்தம் திணையை ஏட்டில் மட்டும் எழுதி மதிப்பெண் பெற்றிருக்கின்றேன்!

வெட்கம் துணிவைத் தந்தது. துணிவு பொய்யையும் உடன் கொணர்ந்தது. முதலில் நீந்தக் கற்கவேண்டும். நகரத்து நீச்சற்குளமொன்றிற் சேரப் பொருள் வேண்டும். அவ்வேளை எந்தை, தமிழகராதித் தொகுதிகள் வாங்குதற்கென மூவாயிரம் ரூபாய் அனுப்பியிருந்தார். அப்பணத்தைக் குளத்திற்குக் கட்டினேன். "அகராதி வாங்கினாயா?" என்று தொலைபேசியில் அவர் வினவியபோது, "நூல்நிலையத்திலிருந்து தினமும் பார்க்கின்றேன், அப்பா" என்றேன். சொல்லளவில் அது மெய்யே. சொல் மெய்யாயிருக்கப் பொருள் பொய்யாவது எங்ஙனம் என்பதைத் தமிழ் மாணவனாகிய எனக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை.

நான்கு திங்கள் நீந்தப் பழகினேன். முதல்வாரம் குளத்தின் விளிம்பைப் பற்றிய கை விடவில்லை. பத்து வயதுச் சிறுவர் என்னைக் கடந்து மீன்போற் சென்றனர். அவர்தம் நகைப்பைப் பொறுத்துக்கொண்டேன். மார்கழி முடிவதற்குள், நில்லாது 200 மீட்டர் நீந்தவும், அசையாது மல்லாந்து மிதக்கவும் வல்லனானேன்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கடல் தணிந்த தைத்திங்களில், ஒரு சனிக்கிழமை, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சென்றேன். உப்பளங்களைக் கடந்து பேருந்து செல்லும்போதே காற்றின் சுவை மாறிற்று. கோவளம் பழமையான துறை. ஐரோப்பிய வணிகர் தங்கியதும், 1752இல் கிளைவ் முற்றுகையிட்டதுமாகிய கோட்டை ஆங்கிருந்தது. இன்றோ கத்தோலிக்கத் தேவாலயமும் தர்காவும் மீனவர் குப்பமும் அருகருகே விளங்குகின்றன. அவ்வூர் மீனவராகிய மூர்த்தி மேகவன் என்பார் 2012ஆம் ஆண்டில் அலைச்சறுக்குப் பள்ளி ஒன்று தொடங்க முன்னின்றதும், 2013முதல் ஆங்கு அலைச்சறுக்கு விழா நிகழ்ந்ததும், இக்கரையை நாடறியச் செய்தன. எனக்குக் கற்பித்தவரும் குப்பத்து இளைஞர் ஒருவரே. என்னினும் பத்தாண்டு மூத்தவர். ஆதலின் அண்ணன் என்றே அழைத்தேன்.

அவர் முதலிற் கடலைக் காட்டவில்லை. என்னைத் திரும்பி நிற்கச்செய்து பின்னிருந்து இலேசாகத் தள்ளினார். விழாதபடி வலக்காலை முன்வைத்தேன். "அந்தக் கால்தான் உனக்கு முன்கால், தம்பி. மறக்காதே" என்றார். பின்னர் மணலிற் பலகையை இட்டு அதன்மேல் என்னைக் குப்புறக் கிடத்தினார். ஒன்பதடி நீளமும் நல்ல அகலமும் உடைய, மேற்புறம் மென்மையான பலகை அது. நீண்டு அகன்ற பலகையே நன்கு மிதந்து, தொடக்கக்காரனைத் தாங்கும். மார்பை உயர்த்தி, இருகைகளாலும் மாறிமாறி நீரைத் தள்ளல். அலை பலகையின் வாலைத் தூக்கும்போது இன்னும் இருமுறை வலிந்து தள்ளல். உள்ளங்கைகளை மார்பின் பக்கம் ஊன்றி ஒரே வீச்சில் எழுதல். முழங்கால்களை மடித்துக் கரையை நோக்கல்: இவ்வளவே பாடம். மணலில் இருபது முறை குறைவின்றிச் செய்தேன். நீரிலோ முதல் நாள் ஒருமுறையும் எழுந்து நிற்கவில்லை.

அவர் அலையின் இயல்பையும் கற்பித்தார். யான் நூலிற் படித்ததும் அதனோடு ஒத்தது. தொலைவில் வீசும் காற்றே அலைக்குத் தாய். ஆழ்கடலில் அலை செல்லினும் நீர் செல்வதில்லை. ஒவ்வொரு துளியும் ஏறக்குறைய வட்டமாய்ச் சுழன்று தன் இடத்திற்கே மீளும். முன்செல்வது ஆற்றல் மட்டுமே. கரையை அணுக அணுக, அலையின் அடி நிலத்தால் தடையுற்று வேகம் குறையும். முடி உயர்ந்து முன்சாயும். நீரின் ஆழம் அலையின் உயரத்தினும் சற்றே மிகுந்ததாகச் சுருங்குமிடத்தில் அலை உடையும். கரை மெல்லச் சரியுமாயின் நுரை சொரிந்து மெல்ல உடையும். செங்குத்தாயின் சுருண்டு அறையும். அபரிஸ்ட்வித் அண்ணன் கல்லின்மேற் கண்டதையும், யான் மணலின்மேற் கண்டதையும் இவ்வொரு விதியே ஆள்கின்றது என்றுணர்ந்தபோது, இரு கடலும் ஒன்றாயின.

மூன்றாம் நாள் இடுப்பளவு நீரில், உடைந்துவரும் வெண்ணுரையொன்றில், எழுந்து நின்றேன். நான்கு நொடியிருக்கும். அந்நான்கு நொடியில் பலகை என்னைச் சுமந்ததா, கடல் சுமந்ததா என்பதறியேன். காலடியில் ஓர் உயிருள்ள பொருள் ஓடுவதை மட்டும் உணர்ந்தேன். பின்னர் என்னையே வியந்து கீழே நோக்கினேன், உடனே விழுந்தேன். கடலின்மேல் நடந்து, காற்றைக் கண்டதும் அமிழ்ந்த பேதுருவின் நிலைமை எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. "பலகையைப் பார்த்தால் பலகைக்குத்தான் போவாய். கரையைப் பார்" என்றார் அண்ணன்.

ஒருநாள், "உமக்கு அச்சமே இல்லையா, அண்ணே?" என்று வினவினேன். அவர் சிறிது பொழுது வாளாவிருந்தார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, ஆழிப்பேரலை அவர்தம் வீட்டினுட் புகுந்தது. அப்பொழுது அவர் சிறுவர். அதன்பின் ஓராண்டுவரை அவருடைய தாயார் அவரைக் கரைப்பக்கம் விடவில்லையாம். "அப்புறம் அம்மாவே கூட்டிக்கொண்டுவந்து விட்டார்கள். கடலை விட்டு எங்கே போவது? பயம் இருக்கிறது, தம்பி. பயம் இருப்பதால்தான் தினமும் இறங்குமுன் பத்து நிமிஷம் நின்று பார்க்கிறேன்" என்றார். உண்மையே, அவர் என்றும் நீரைத் தொடுமுன் கரையில் நின்று நோக்குவார். யான் அதனை ஒரு வழக்கம் என்றெண்ணியிருந்தேன்.

இனி, எனது பிழையைக் கூறுவேன். மாசித்திங்களில் ஒருநாள், ஊரில் உறங்கி, அண்ணன் வருமுன்னரே, விடியலில் தனித்துக் கரைக்குச் சென்றேன். கதிரவன் கடலினின்றும் எழுந்துகொண்டிருந்தான். கரை முழுதும் அலைகள் உடைந்துகொண்டிருக்க, கருங்கற்கள் கிடக்கும் ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை நீர் அலையின்றி அமைதியாயிருந்தது. தொடக்கக்காரனுக்கு ஏற்ற இடம் இதுவே என்று மகிழ்ந்து, பத்து நிமிஷம் என்ன, பத்து நொடியும் நில்லாது இறங்கினேன்.

அமைதியான அவ்விடமே அபாயமானது. அலைகள் கரைமேற் கொணர்ந்து குவிக்கும் நீர் மீண்டும் கடலுக்குச் செல்ல வழிதேடும். ஆழமான ஒடுங்கிய கால்வாயொன்று கிடைப்பின் அவ்வழியே ஆறுபோல் விரைந்தோடும். ஆழம் மிகுதலால் அங்கே அலை உடைவதில்லை; ஆதலின் அமைதிபோல் தோன்றும். அவ்விழுப்பில் யான் அகப்பட்டேன். கரையை நோக்கி ஆனமட்டும் கைபோட்டேன். கரையோ அகன்றது. கற்கள் சிறுத்தன. கைகள் மரத்தன. வாயில் உப்புநீர் புகுந்தது. முன்னறைச் சுவரிலுள்ள படம் என் கண்முன் நின்றது. அப்படத்தின் அருகே மற்றொரு படமும் மாட்டப்பெறுமே, அதனை மாட்டுபவர் எந்தையாயிருப்பாரே என்னும் நினைவு வந்தபோது யான் உரக்க அழுதேன் என்பதை ஒளியாது கூறுகின்றேன்.

அழுதபின் மூச்சு நிதானமாயிற்று. காலிற் கட்டிய கயிறு பலகையை என்னோடு பிணித்திருந்தது, பலகை மிதந்தது, அதன்மேல் மார்பை வைத்துக் கிடந்தேன். முதல்நாட் பாடம் நினைவுக்கு வந்தது. இழுப்பு நீரை எதிர்த்துப் போராடலாகாது. அது அகலத்திற் குறுகியது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தின் அதனைக் கடக்கலாம். அதன்பின் அலையே கரைக்குத் தள்ளிவிடும். கற்களுக்கு எதிர்ப்புறமாக, வடக்கு நோக்கிக் கைபோட்டேன். எவ்வளவு நேரம் என்றறியேன். திடுமென ஓர் அலை என்னைப் பின்னிருந்து தூக்கிற்று. எழுந்து நிற்க முயலவில்லை. குப்புறக் கிடந்தவாறே மணலில் வந்து மோதினேன்.

அண்ணன் ஆங்கு நின்றார். அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. "எத்தனை நிமிஷம் நின்று பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டார். யான் விடை கூறவில்லை. "வீட்டில் தெரியுமா?" என்றார் மீண்டும். அதற்கும் விடை இல்லை.

அன்றிரவே எந்தைக்குக் கடிதம் எழுதினேன். தொலைபேசியிற் கூறத் துணிவில்லை. அவர் குரலைக் கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்றஞ்சினேன். அகராதிப் பணம், நீச்சற்குளம், கோவளம், அன்றைய விடியல் அனைத்தும் எழுதினேன். அஞ்சலிற் சேர்த்தபின் பன்னிரண்டு நாள் விடையில்லை. தங்கை மட்டும் தொலைபேசியில், "அப்பா கடிதத்தைப் படித்துவிட்டுச் சிற்றப்பா படத்தைத் துடைத்தார், அண்ணா. ஒன்றும் பேசவில்லை" என்றாள்.

பதின்மூன்றாம் நாட் காலை, விடுதி வாயிலில் எந்தை நின்றார். இரவுப் பேருந்தில் வந்தவர். "அந்த இடத்தை எனக்குக் காட்டு" என்றார். கேளம்பாக்கம்வரை இருவரும் பேசவில்லை.

கரையில் அவர் நெடுநேரம் நின்றார். பின்னர், கடலை நோக்கியவாறே, யான் பத்தொன்பதாண்டு கேளாத கதையைக் கூறினார். சிற்றப்பா விழுந்த அன்று கிணற்றடியில் உடனிருந்தவர் எந்தையே. படிக்கட்டிற் கால்வழுக்கித் தம்பி விழுந்தபோது இவர் மேற்படியில் நின்றார். நீர் மூன்றாள் ஆழம். இருவருக்கும் நீந்தத் தெரியாது. ஆயா தண்ணீரென்றால் அஞ்சுபவராதலின் பிள்ளைகள் இருவரையும் பழகவிட்டதில்லை. உதவிதேடிச் சாலைக்கு ஓடினார். ஆட்களோடு மீண்டபோது கிணற்றுநீர் அமைதியாயிருந்தது. "கயிறு ஒன்று ஏற்றத்தண்டை கிடந்தது, ஐயா. அது என் கண்ணில் படவில்லை. பயத்தில் ஓடிவிட்டேன். நீந்தத் தெரிந்திருந்தால் ஓடியிருக்கமாட்டேன்" என்றார். என்னை அவர் ஐயா என்றழைத்தது குழந்தைப் பருவத்திற்குப் பின் அன்றுதான்.

யான் யாதும் கூறவில்லை. கூறுதற்குச் சொல்லில்லை, அகராதி கையிலிருந்திருப்பினும் கிடைத்திராது.

சிறிது பொழுது கழித்து, "எங்கே நிற்பாய்? காட்டு" என்றார். பத்து நிமிஷம் நின்று கடலைப் பார்த்தேன். அவரும் உடன் நின்று பார்த்தார். இழுப்பு ஓடும் இடத்தை அவருக்குக் காட்டினேன். அண்ணன் உடன்வர, சிறிய அலைகள் உடையும் மணற்பகுதியில் இறங்கினேன். மூன்று அலைகளை விடுத்து நான்காவதில் எழுந்து நின்றேன். கரையைப் பார் என்பதே பாடமாதலின் கரையைப் பார்த்தேன். எந்தை செருப்புக்களைக் கழற்றிக் கையிற் பிடித்துக்கொண்டு, வேட்டியை முழங்காலளவு தூக்கிக்கட்டி, கணுக்கால் நீரில் நின்றிருந்தார். அன்று நின்றதே இதுவரை யான் நின்றவற்றுள் நெடிய பொழுது. பத்து நொடி இருக்கலாம்.

மீளும்போது பேருந்தில் இரண்டு தீர்ப்புக் கூறினார். வரும் கோடையில் என் தங்கைக்கு யான் நீந்தக் கற்பிக்கவேண்டும். அவரும் உடனிறங்குவார் என்பது ஒன்று. அகராதிப் பணம் மூவாயிரத்தையும் மாதம் ஐந்நூறாக யான் ஈட்டித் திருப்பித் தரவேண்டும் என்பது மற்றொன்று. முதல் தீர்ப்பைக் கேட்டு மகிழ்ந்தேன். இரண்டாவதைக் கேட்டு அதனினும் மகிழ்ந்தேன். கணக்குக் கேட்கும் தந்தை மகனை விலக்கிவிடவில்லையன்றோ!

அன்பர்களே, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அத்தொகையிற் கடலில் இறந்தோர் மட்டுமல்லர். கிணற்றிலும் குளத்திலும் ஆற்றிலும் இறந்தோரும் அடங்குவர். அஞ்சுவது அஞ்சுதல் பேதைமையன்று. ஆயினும் அஞ்சியதைக் கல்லாது விலகி நிற்பின் அபாயம் நம்மை விட்டு விலகுவதில்லை; நாம் ஆயத்தமின்றி அதனை எதிர்ப்பட நேரும். எங்கள் இல்லத்தில் அச்சம் ஆயாவிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து எனக்கும் சொத்துப்போல் வந்தது. அதனை யான் எறிந்துவிடவில்லை. எறிந்திருந்தால் மாசித்திங்கள் விடியலோடு என் கதை முடிந்திருக்கும். அதனைப் பத்து நிமிஷம் கரையில் நிறுத்திப் பாடம் கேட்கின்றேன். அவ்வளவே.

அபரிஸ்ட்வித் அண்ணனுக்கு விடை எழுதிவிட்டேன். அவருடைய கூழாங்கற் கரையில் இன்னும் குளிர் நீங்கவில்லையாம். எனது கடனில் இன்னும் இரண்டாயிரம் ரூபாய் நிற்கின்றது.